ஜெயபாரதி என்பவர் எனக்கு உறவினர் அல்ல

என் பெயர் ஜவஹர். வயது ஐம்பத்து நான்கு. தகப்பனார் பெயர் அய்யாதுரை, காலமாகிவிட்டார். ராயப்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்புறம் உள்ள சந்தில், இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கார் ஓட்டுவது என் தொழில். மனைவி என்னைப் பிரிந்து பல வருடங்களாக வடபழனியில் எங்கள் மகள் தாரணியுடன் வசித்து வருகிறார். என் அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. மந்தைவெளியில் நடந்த விபத்து சம்பந்தமாகவும், அந்த வழக்கில் புகார் கொடுத்த ஜெயபாரதி என்பவருக்கும் எனக்கும் முன்பே பழக்கம் உண்டு, இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்த விபத்து அது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துள்ள மனு சம்பந்தமாகவும் என்னை விசாரித்ததில், எனக்குத் தெரிந்ததை நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

நான் அபிராமபுரத்தில் ரகுபதி என்பவர் வீட்டில் பத்து வருடங்களுக்கும் மேலாக மாதச் சம்பளத்துக்குக் கார் ஓட்டி வந்தேன். அவர் ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. சென்ற தீபாவளி கழிந்து ஒரு நாள், காரின் டிக்கியிலிருந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பில் ஒரு சுளுக்கு விழுந்தது. இடுப்பு வலி இரண்டு மூன்று நாளில் குறைந்துவிட்டது. அதன் பிறகு வலது தொடையின் முன்பக்கத்திலிருந்து முழங்கால் வரைக்கும் வலி ஆரம்பித்தது. ஓடி நின்ற வண்டியின் பானெட்டில் தொடையை வைத்து அழுத்தியது போன்ற எரிச்சல் அது. உட்கார்ந்து ஓட்டும்போது ஓரளவு தாங்கிக்கொள்ள முடிந்தது. நின்றாலும் காலை நீட்டிப் படுத்தாலும் தாங்க முடியவில்லை. தண்ணீர் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் தலையணையைப் போட்டு, காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.

அதன் பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் காண்பித்தேன். வலி முழங்காலில் வந்து முடிவதால் முழங்கால் தேய்மானம் என்று சொல்லி மாத்திரையும், மாட்டிக்கொள்ள ஒரு உறையும் கொடுத்தார்கள். குறையவில்லை. இடுப்பு எலும்பாக இருக்குமோ என்று அதற்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் முதுகுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்து வந்து காட்டியபோது அங்கிருந்த டாக்டர், வயதுக்குத் தகுந்த தேய்மானம்தான், நரம்பு எதுவும் நசுங்கவில்லை என்று சொன்னார். நான் கார் ஓட்டுகிறவன், ஓட்டலாமா என்று கேட்டேன். "தாராளமா ஓட்டுங்க. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றார். அதுவரை என் கால் வலித்ததே தவிர, மடியவோ தடுமாறவோ இல்லை. கிளச்சும் பிரேக்கும் எப்போதும் போல மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். ரகுபதி சாரிடம் வலியைப் பற்றி ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "வயசாயிடுத்துன்னு ஒத்துக்கோயேன் ஜவஹர்" என்றார். அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், வலிக்கிறது என்று சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், தி.நகரில் பாண்டி பஜாருக்குப் போயிருந்த ரகுபதி சாரின் மனைவியை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் மந்தைவெளி மருந்துக் கடையில் சாருக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்ததால் அந்தப் பக்கமாகச் சென்றேன். நெரிசலில் வண்டி மெதுவாகத்தான் போனது. முன்னால் ஒரு பெண் சாலையைக் கடப்பதற்காக, நின்றுகொண்டிருந்த ஆட்டோவை ஒட்டி இறங்கினாள். நான் அவளை நன்றாகப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைக்க நினைத்தேன். கால் வரவில்லை. முழங்கால் என்னுடையது இல்லை என்பது போலத் தொங்கியது. இரண்டாவது முறை தொடையைக் கையால் தூக்கப் பார்த்தேன். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன் என்றாலும் அதற்குள் பம்பர் அந்தப் பெண்ணின் காலை ஆட்டோவோடு சேர்த்து அழுத்திவிட்டது. அவள் "அம்மா" என்று கத்தவில்லை. "என் காலு, என் காலு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் பெயர் பூஜா என்பதும், கல்லூரியில் பி.காம். படிக்கிறவள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு நான் கதவைத் திறந்து இறங்கினேன். வலது கால் மடங்கிச் சாலையில் விழுந்தேன். எழுந்து திரும்பவும் விழுந்தேன். அதைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர், "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துகீறான் பாரு" என்று சொல்லி என் சட்டையைப் பிடித்து அடித்தார். மற்றவர்களும் அடித்தார்கள். நான் குடிக்கும் பழக்கம் இல்லாதவன். போலீசார் வந்து ஊதச் சொன்னார்கள், ஊதினேன், மெஷினில் ஒன்றும் காட்டவில்லை. ரகுபதி சாருக்கு நானே போன் செய்தேன். அவர் முதலில் காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. "நீ குடிச்சிருந்தியா ஜவஹர்?" என்றுதான் கேட்டார். பத்து வருடத்துக்கும் மேலாக என்னைத் தெரிந்தவர். இல்லை சார் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். என்னைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அன்று மாலையே வேறொரு டிரைவர் அங்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ரகுபதி சார் என் போனை எடுக்கவில்லை.

பூஜாவை ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அவளுடைய தாயார் ஜெயபாரதி அங்கிருந்து நிலையத்துக்கு வந்து, நான் குடித்துவிட்டு வேகமாக வண்டி ஓட்டியதாகப் புகார் கொடுத்தார். அப்போதுதான் நான் அவரை முதல் முறையாகப் பார்த்தேன். அவர் ராயப்பேட்டையில் குடியிருப்பவர், தி.நகரில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்ப்பவர், கணவர் இல்லை, பூஜா ஒரே மகள் என்பவையும் அப்போது அவர் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நானும் ராயப்பேட்டைதான் என்றாலும் அதற்கு முன்பு தெருவிலோ கடையிலோ அவரைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இதைப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரிடமும் சொன்னேன்.

என்னைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள். வெளியே வரும்போது நிலையத்தின் படியில் கால் மடிந்து விழுந்தேன். அப்போது வாசலில் பணியில் இருந்த காவலர் சக்திவேல் என்னைத் தூக்கி உட்காரவைத்து, "அண்ணே, வீட்ல யாருக்காவது போன் போடட்டுமா?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவரே ஆட்டோ பிடித்து என்னை அரசு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பூஜா இருந்த அதே மருத்துவமனை. அவள் எலும்பு முறிவுக் கட்டிடத்தில் இருந்தாள், என்னை எதிர்க் கட்டிடத்தில் நரம்பியல் வார்டில் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் மர்சலின் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் என்னைப் பரிசோதித்தார். ரப்பர் சுத்தியலால் இரண்டு முழங்காலிலும் தட்டினார். இடது கால் துள்ளியது. வலது கால் சும்மா கிடந்தது. டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை சூம்பியிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். அதன் பிறகு என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலைப் பின்பக்கமாக மடக்கி, தொடையை லேசாக மேலே தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர், "இதுதாங்க நான் தேடினது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காலை இறக்கிவைத்தார்.

பழைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு மாதிரி ஒரு ஸ்கேன், இன்னும் பக்கவாட்டில் தள்ளி எடுக்க வேண்டும் என்று எழுதினார். அது வந்த பிறகு என் படுக்கையருகே வந்து படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் நடுப்பகுதியில், நரம்புகள் மொத்தமாக இறங்கும் குழாய்க்குள் பிதுங்கும், அப்போது வலி பின்தொடை வழியாகப் பாதம் வரை போகும், அதைத்தான் எல்லாரும் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்றார். எனக்கு மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு இடையில் உள்ள டிஸ்க் ஓரத்தில் பிதுங்கி, நரம்பு எலும்பு ஓட்டையைத் தாண்டி வெளியே வந்த பிறகு அதை நசுக்குகிறது, நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இப்படி வராது என்றார். இடது பக்க நரம்பைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலது பக்கம் அந்த வெள்ளை இல்லை, கறுப்பாக ஒரு கட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. "வீட்டுக்குள்ள எல்லா ரூம்லயும் தேடிட்டு ஆள் இல்லன்னு எழுதிட்டாங்க. ஆள் காம்பவுண்டுக்கு வெளிய நிக்கிறான்" என்றார். தொடையின் முன்தசைக்குப் போகிற நரம்பு அது என்பதால் முழங்கால் திடீரென்று விட்டுப்போகும், அன்று காரில் நடந்தது அதுதான் என்றும் சொன்னார்.

அப்போது நான் அழுததாகப் பக்கத்துப் படுக்கைக்காரர் பிறகு சொன்னார். எனக்கு அது ஞாபகம் இல்லை. டாக்டர் ஒரு விரலை வைத்து, இதோ இது, என்று அந்தக் கறுப்பைக் காட்டியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கால் பலம் போய்க்கொண்டிருப்பதால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். நான் மகள் தாரணியின் எண்ணைக் கொடுத்தேன். நர்ஸே பேசினார். பேசிவிட்டு, "அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னாங்க" என்று சொன்னார். மறுபடியும் போன் வரவில்லை. நானும் போடவில்லை.

இதற்கு இடையில், டிரைவரும் எதிர்க் கட்டிடத்தில்தான் படுத்திருக்கிறான் என்று யாரோ சொல்லக் கேட்டு ஜெயபாரதி என் வார்டுக்கு வந்தார். என் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் மகளுக்கு வாங்கிய இட்லிப் பொட்டலம் இருந்தது. "இன்னாய்யா, கேஸ்லேர்ந்து தப்பிக்க இங்க வந்து படுத்துக்கினியா?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். "ஊர்ல ஒருத்தனுக்கும் வராத நோவு உனக்கு மட்டும் வந்துச்சாக்கும்" என்றார். கால் எப்படி இருக்கிறது என்று பூஜாவைப் பற்றிக் கேட்டேன். "அத நீ கேக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாளும் வந்தார். "தூக்கு, பாப்போம்" என்றார். நான் முழங்காலை நீட்ட முயன்றேன், முடியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு தினமும் வந்தார். ஒரே நேரத்துக்கு வரமாட்டார். காலையில் ஒரு நாள், மதியம் ஒரு நாள், பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் என்று மாற்றி மாற்றி வருவார். நான் யாரும் இல்லாத நேரத்தில் எழுந்து நடக்கிறேனா என்று பார்ப்பதற்காகத்தான் அப்படி வருகிறார் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போகும்போது தாழ்வாரத்தில் முழங்கால் விட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஜெயபாரதி வெளியே வந்தார். அங்கே நின்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னையும் பார்த்தார், தாழ்வாரத்தில் வேறு யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். யாரும் வரவில்லை. என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கழிவறை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். திரும்பக் கட்டிலில் கொண்டுவந்து உட்காரவைத்தார். உட்கார்ந்த பிறகு, "நடிக்கிறவன் இப்டி கல்லு தரைல முட்டி போட்டு வுழமாட்டான்" என்று சொன்னார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. அதற்குப் பிறகு என்னை "டிரைவரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். என் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் வருகிற நேரம் தெரியாததால் நான் காலையிலேயே தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் பார்க்க அந்த வார்டுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற கட்டில்களைச் சுற்றிப் பார்வையாளர் நேரத்தில் கூட்டம் இருக்கும், கேரியரும் பிளாஸ்க்கும் இருக்கும், ஒரே சத்தமாக இருக்கும். என் கட்டிலுக்கு முன்னால் இருந்த ஸ்டூலை அவர்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். ஜெயபாரதி வந்தால் நின்றுகொண்டேதான் பேசுவார்.

ஒருநாள் அவர் போன பிறகு நர்ஸ், "அவங்க யாருங்க, உங்க தங்கச்சியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்ததாக நினைக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் பிறகு வார்டில் விசாரித்தபோது, டிரைவருக்குத் தங்கச்சி ஒருவர் தினமும் வந்தார் என்று நர்ஸ் சொன்னதாக அறிகிறேன். அந்தச் சந்தேகத்துக்கு அதுதான் காரணம் என்றால், அதற்கு நான்தான் பொறுப்பு. ஜெயபாரதி எந்த இடத்திலும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. நான் மறுக்காமல் இருந்ததற்கு வேறு எந்த உள்நோக்கமும் இல்லை. அப்படிக் கேட்டது நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் டாக்டர் மர்சலின் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொன்னார். வழக்கம் போல முதுகின் நடுவில் வெட்டி உள்ளே போனால் இந்த இடத்தை எட்டுவதற்கு மூட்டு எலும்பைச் செதுக்க வேண்டியிருக்கும், அது முதுகைப் பலவீனமாக்கிவிடும், அதனால் நடுவிலிருந்து சில விரல் தள்ளி வெட்டி, இரண்டு தசைகளுக்கு இடையில் இருக்கிற வழியை விலக்கிக்கொண்டு, மைக்ராஸ்கோப் வைத்து வெளியிலிருந்தே போகப்போவதாகச் சொன்னார். நரம்பைத் தொட வேண்டியிருப்பதால் பிறகு கொஞ்ச காலம் தொடையில் எரிச்சல் இருக்கலாம், பலம் திரும்புவதற்கு மாதங்கள் ஆகலாம், முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கையெழுத்தை நானே போட்டுக்கொடுத்தேன். சாட்சியாகப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் கையெழுத்துப் போட்டார்.

அன்று பூஜாவைக் காலில் பிளேட் வைத்து, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் ஜெயபாரதி இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நடந்ததை வார்டு ஊழியர் சொல்லித்தான் தெரியும். தியேட்டர் வாசலுக்கு ஒருவர் வந்து, ஜவஹர் கூட வந்தவங்க யாரு என்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டாவது முறையும் கூப்பிட்டிருக்கிறார். பெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த ஜெயபாரதி எழுந்து, "நான் கூட வந்தவ இல்ல. அந்தாளு மேல கேஸ் குட்த்தவ" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த ஊழியர், "யாரா இருந்தா இன்னாம்மா, இதப் புடி" என்று என்னுடைய சட்டையும் கண்ணாடியும் செருப்பும் இருந்த பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆபரேஷன் முடிந்து என்னை வெளியே கொண்டுவரும் வரைக்கும் ஜெயபாரதி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. இதையும் கம்பெனிக்காரர் தன் மனுவில் எழுதியிருக்கிறார். அது உண்மை. ஆனால் பை எப்படி ஜெயபாரதி கைக்கு வந்தது என்பதை அவர் எழுதவில்லை.

எனக்கு நினைவு வந்தபோது முதுகில் வெட்டிய இடம் வலித்தது. தொடையில் வலி இல்லை. அத்தனை நாளும் வலி இருந்த இடம் காலியாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், மரத்துப் போயிருந்தது, ஆனால் எரியவில்லை. டாக்டர் மர்சலின் வந்து, நரம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு துண்டு சிக்கியிருந்தது, எடுத்துவிட்டோம், எடுத்ததும் நரம்பு தளர்ந்து தன் இடத்துக்குப் போனதைக் கண்ணால் பார்த்தோம் என்றார். காலை நேராக நீட்டிக்கொண்டு தூங்கினேன்.

அதற்கு அடுத்த நாள் ஜெயபாரதி வந்தார். முதுகுக் கட்டை எட்டிப் பார்த்தார். "இப்ப தூக்கு" என்றார். கொஞ்சம் நீண்டது, பாதியில் விழுந்துவிட்டது. பலம் வர நாளாகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வரட்டும். வந்தா நீ சொன்னது நெசம். வரலேன்னா அப்ப பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்கு முதல் முறையாகப் பூஜாவைப் பற்றி அவராகவே சொன்னார். வாக்கர் பிடித்து நடக்கிறாள், பரீட்சை எழுத முடியாது என்று அழுகிறாள் என்றார். நான் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "அதுக்கு உன் மூஞ்சியப் பாக்க இஷ்டமில்ல டிரைவரே. கேக்காத" என்றார். நான் அதன் பிறகு கேட்கவில்லை.

அதன் பிறகு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் அறைக்கு ஜெயபாரதி வந்ததே இல்லை. அவருக்கு என் விலாசமும் தெரியாது. நான் மறுபரிசோதனைக்கு வரும் நாட்கள் அவருக்குத் தெரியும். அந்த நாட்களில் மதிய உணவு நேரத்தில் தி.நகரிலிருந்து பேருந்தில் வந்து, வெளிநோயாளர் பகுதி வாசலில் நிற்பார். தூக்கு என்பார், தூக்கிக் காட்டுவேன், பார்த்துவிட்டுப் போய்விடுவார். டாக்டர் எனக்குக் காலில் மணல் பை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அதை அறையில் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் கால் இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. அது முழுசாக நேராகும் நாளில் ஜெயபாரதி வருவது நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயிற்சியை நான் ஒரு நாள்கூட விடவில்லை.

இந்தச் சமயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் என் அறைக்கு வந்தார். அந்தம்மாவை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டார். தெரியாது என்றேன். யாரும் இல்லாத ஒரு ஆளுக்கு, அதுவும் தன் பெண்ணின் காலை உடைத்தவனுக்கு, ஒரு பொம்பளை எதற்காக இத்தனை நாள் வந்து பார்க்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க வந்தார் என்றேன். அவர் நம்பவில்லை. முன்பே பழக்கம் உண்டு என்று எழுதிக் கொடுத்தால் என் மேல் உள்ள வழக்கு லேசாகும்படி செய்ய வழி இருக்கிறது என்றும் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அப்படி எழுதினால் பூஜாவுக்கு வர வேண்டிய நஷ்டஈடு வராமல் போகும் என்பது எனக்குப் புரிந்தது. என் கையில் இருந்த வண்டி பட்டுத்தான் அந்தப் பெண்ணின் கால் உடைந்தது. அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. குடித்திருந்தேன், வேண்டுமென்றே செய்தேன் என்பதை மட்டும்தான் மறுக்கிறேன்.

கடைசியாக நான் பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் மர்சலின் சுத்தியலால் வலது முழங்காலில் தட்டினார். கால் லேசாகத் துள்ளியது. கதவருகில் நின்று ஜெயபாரதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரை உள்ளே வரச் சொல்லி, இன்னொரு முறை தட்டிக் காட்டினார். தட்டும்போது தானாக ஆடும், நினைத்தாலும் நிறுத்த முடியாது, முன்பு இது ஆடவே இல்லை, நினைத்தாலும் ஆட்டியிருக்க முடியாது என்று அவருக்குப் புரியும்படி சொன்னார். ஜெயபாரதி அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. நான் கேட்காமலேயே காலை நீட்டிக் காட்டினேன். நேராக நின்றது. அவர் தலையை ஆட்டினார்.

"நீ குட்ச்சிருந்தேன்னு நான் எழுதிக் குட்த்தது தப்பு. நாளைக்கி ஸ்டேஷனுக்குப் போயி அத மாத்தி எழுதிக் குட்த்துர்றேன். என் பொண்ணு காலுக்கு இன்னா வரணுமோ அது வரணும். அதுல நான் வுடமாட்டேன்" என்றார்.

அதுதான் சரி என்றேன்.

"அப்ப நான் கெளம்பறேன் டிரைவரே. இனிமே எனுக்கு இங்க வேல இல்ல. காலப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நான் கொஞ்ச நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு யார் உதவியும் இல்லாமல் நடந்து அறைக்கு வந்தேன், இரண்டு மாடியும் ஏறினேன், ஒரு இடத்திலும் கால் மடங்கவில்லை. அதன் பிறகு இன்றுவரை நான் அவரைப் பார்க்கவில்லை, பேசவில்லை. அவருக்கும் எனக்கும் விபத்துக்கு முன்னாலும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இப்போதும் இல்லை.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு நான் சொல்வது: அவர் என்னை நம்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் என் மேல் சந்தேகம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் உட்படாமல், உண்மை என்று அறிந்தே கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஜவஹர்